மூன்று சுற்று

ஜூன் 3, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். கோவை கணபதியில் ஒரு கிரைண்டர் ஷோரூமின் மாடி. வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் செய்தியும் விமர்சனமும் வெளியிடும் இணையதளம். தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. பெயர் 'மூன்றாம் உயிர்'. பழைய விளையாட்டுகளில் ஒருவருக்கு மூன்று உயிர் தருவார்களாம், அதனால் இந்தப் பெயர் என்று ஆசிரியரும் உரிமையாளருமான தரணிதரன் விளக்கினார். வயது இருபத்தெட்டு. முதல் இரண்டு உயிர்களும் என்னவாயின என்று நான் கேட்கவில்லை.

நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையில் ஆன்மிக இணைப்பை மூடிவிட்டார்கள். பக்தி குறைந்துவிடவில்லை, காகிதம்தான் விலை ஏறிவிட்டது என்றார்கள். அதன் பிறகு எனக்கு வந்த ஒரே அழைப்பு இது.

"அண்ணா, கேம் ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டார் தரணிதரன்.

"கேரம் ஆடியிருக்கேன்."

"போதுங்ணா. ஆடத் தெரிஞ்ச பசங்க ஊர் பூராம் இருக்கறாங்க. அவுங்க எழுதறதப் படிச்சா எனக்குத் தலவலி வருது. நீங்க எழுதுங்க. ஆடறது தானா வரும்."

ஆன்மிக இணைப்பில் என்னைப் போட்டபோது அப்போதைய ஆசிரியரும் இதையேதான் சொன்னார். எழுதத் தொடங்குங்கள், பக்தி தானாக வரும் என்று. பத்தொன்பது வருடம் எழுதினேன்.

அலுவலகத்தில் இன்னொருவர் ஷிஃபானா. கரும்புக்கடைப் பகுதியைச் சேர்ந்தவர். நான் ஒரு மாதத்தில் ஆடி முடிப்பதை அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார் என்று தரணிதரன் சொன்னார். அவர் மறுக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

கன்ட்ரோலர் என்ற கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இடது கட்டைவிரல் நடக்கும், வலது கட்டைவிரல் பார்க்கும். நடப்பதும் பார்ப்பதும் வேறு வேறு வேலைகள் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து பள்ளத்தில் விழுந்தேன். "பரவால்லங் சார், எல்லாரும் விழுவாங்க," என்றார் ஷிஃபானா. பிறகு நான் விழுவதை நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரம் இல்ல," என்றார்.

ஜூன் 5, புதன்

இன்று முழுவதும் ஒரு நாயால் கொல்லப்பட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

முதல் பொறுப்பு. 'சாம்பல் வழி' என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு புதிய விளையாட்டு. குளிர் நாடு ஒன்றில் சிறு நிறுவனம் ஒன்று செய்தது. விற்பனைக்கு வருமுன்பே உலகம் முழுவதும் உள்ள விமர்சகர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுவார்கள். ஆடிவிட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பதினான்காம் தேதி மாலை வரை ஒரு சொல்கூட வெளியே விடக் கூடாது. இந்த வாய்ப்பூட்டுக்கு எம்பார்கோ என்று பெயர். விளையாட்டு வெளியானதும் விமர்சகரின் பிரதி தானாகச் செத்துவிடும். தொடர்ந்து ஆட வேண்டுமென்றால் புதுப் பிரதியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கனவுக்கு இருக்கும் விதிகள்தான்.

ஷிஃபானா பெரிய நிறுவனத்தின் துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருப்பதால் இது எனக்கு வந்தது. "சும்மா ஒரு ஆள் நடந்துட்டே இருக்கற கேம்தாங்ணா. உங்களுக்கு செட் ஆகும்," என்றார் தரணிதரன்.

அந்த ஆள் முகத்தைத் துணியால் மூடியிருப்பார். ஆணா பெண்ணா, இளைஞரா முதியவரா, மனிதர்தானா என்று விளம்பரப் படம் வந்த நாளிலிருந்து உலகம் விவாதித்துக்கொண்டிருக்கிறதாம். உலகத்துக்கு இதற்கும் நேரம் இருந்திருக்கிறது.

வீட்டில் மனைவி வளர்மதி கேட்டாள். "என்ன எழுதச் சொன்னாங்க?"

"ஒருத்தர் நடந்து போறாரு. அதைப் பத்தி."

"பாத யாத்திரையா?"

ஏறக்குறைய அதுதான் என்றேன்.

ஜூன் 10, திங்கள்

இதை எங்காவது எழுதியாக வேண்டும். எம்பார்கோ நாட்குறிப்புக்குப் பொருந்தாது என்று நம்புகிறேன்.

காலையில் ஒரு மலைச்சரிவில் நின்றுகொண்டிருந்தேன். நாய்களிடமிருந்து தப்பி மேலே ஏறியவன், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன். அப்போது தூரத்தில் மழை வந்தது. மழை பெய்யத் தொடங்கியது என்று சொல்லவில்லை. பள்ளத்தாக்கின் அந்தக் கோடியில் ஒரு சாம்பல் திரை இறங்கி, வயல் வயலாக நனைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தது. புல் முதலில் படுத்தது. பிறகு காற்று. பிறகு வாசனை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஒவ்வொரு புல்லுக்கும் எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதை நான் பார்க்காமல் போயிருந்தாலும் அது படுத்திருக்கும்.

தரணிதரன் பின்னால் வந்து, "எவ்வளவு தூரம் போயிருக்கீங்ணா?" என்று கேட்டார். மழையில் நின்றுகொண்டிருக்கிறேன் என்றேன்.

"மழைல நின்னா பாயின்ட் வராதுங்ணா."

ஜூன் 11, செவ்வாய்

ஒரு கோபுரத்தை அடைந்தேன். முள் படர்ந்த மேட்டின் மேல் தனியாக நின்றது. வாசல் இல்லை. சுற்றிலும் கல் சுவர். மேலே கூரை இருந்தது. வெளியிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

பழக்கம் விடுமா? கோயிலுக்கு எப்படிப் போவேனோ அப்படியே போய் வலம் வந்தேன். மூன்று சுற்று. மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் சுவர் சத்தமில்லாமல் விலகியிருந்தது. உள்ளே போனேன்.

உள்ளே கூரை இல்லை. முழங்கால் அளவு தண்ணீர், அதில் நட்சத்திரங்கள். முதல் நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த காற்று நின்றுவிட்டது. அது இத்தனை நாள் வீசிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. அதன்பின் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. நான் நடத்திக்கொண்டு வந்த ஆளின் மூச்சு. நாலைந்து நாளாகக் கூடவே வருகிறேன், இந்த ஆள் மூச்சுவிடுவார் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

குனிந்து, முகத்துணியை அவிழ்த்து, தண்ணீரில் பார்த்தார்.

பெண். ஐம்பது வயதிருக்கும். முன்நெற்றியில் நரை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்களின் முகம். அழகு என்று சொல்ல முடியாது. வேறு சொல்லும் என்னிடம் இல்லை. தண்ணீரிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

எத்தனையோ சன்னிதிகளுக்கு முன் நின்றிருக்கிறேன். எல்லா இடத்திலும் கையில் பேனா இருந்தது. அர்ச்சகர் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தேன். இன்று பேனா எடுக்கத் தோன்றவில்லை.

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். கீழே ஷோரூமில் மாவு அரைத்துக் காட்டுகிறார்கள், அந்தத் தூசியாக இருக்கும். ஈர மாவில் தூசி எப்படி வரும் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் சுவர் மூடிக்கொண்டது. மறுபடி சுற்றினேன், திறக்கவில்லை. ஒரு பயணத்துக்கு ஒரு தரிசனம் போலிருக்கிறது. நியாயம்தான்.

ஜூன் 12, புதன்

வேலை செய்தேன்.

ஜூன் 13, வியாழன்

விமர்சனத்தை எழுதி முடித்தேன். மழைக்கு இரண்டு பத்தி. நாய்களுக்கு ஒரு பத்தி, காழ்ப்பு இல்லாமல். கோபுரத்துக்கும் அந்த முகத்துக்கும் ஒரு பத்தி. எல்லோரும் பார்க்கப்போகிற காட்சிதானே என்று சுருக்கமாகவே எழுதினேன்.

"பத்துக்கு எத்தனைங்ணா?" என்று கேட்டார் தரணிதரன்.

"எதுக்குப் பத்து?"

"மார்க்குங்ணா. ஒவ்வொரு கேமுக்கும் பத்துக்கு இத்தனைன்னு போடோணும். மார்க்கைப் பாத்துட்டுத்தான் சண்டைக்கே வருவாங்க."

ஆன்மிக இணைப்பில் இந்தப் பழக்கம் இல்லை. எந்த மூலவருக்கும் பத்துக்கு ஏழரை போட்டதில்லை. யோசித்து ஒன்பது என்றேன். மழைக்கு வாசனை இல்லாததால் ஒன்று கழித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

மாலை வெளியானது.

ஜூன் 15, சனி

எல்லோரும் பார்க்கப்போகிற காட்சி என்று நான் நினைத்தது தவறு. ஒருவரும் பார்க்கவில்லை.

டொராண்டோவில் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் கோபுரப் பத்தியை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளிநாட்டு இணைய மன்றம் ஒன்றில் போட்டிருக்கிறார். உலகத்தில் எந்த விமர்சகருக்கும் கோபுரம் திறக்கவில்லை. எவரும் முகத்தைப் பார்க்கவில்லை. விளையாட்டை வாங்கியவர்கள் நேற்று மாலையிலிருந்து கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். தரணிதரன் தன் போனில் காட்டினார். கட்டைவிரல் அளவு உருவங்கள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தன.

"ஓடறாங்களே," என்றேன். "நடந்துல்ல சுத்தோணும்?"

"நடந்தும் பாத்துட்டாங்கண்ணா. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், நூத்தியெட்டு சுத்து, எல்லாம் பாத்துட்டாங்க."

நம் தளத்தின் கருத்துப் பகுதியில் இதுவரை தரணிதரனின் சித்தப்பா மட்டும் 'அருமை' என்று எழுதிவந்தார். இப்போது நிரம்பி வழிகிறது. 'பெருசு ஆடும்போதே தூங்கிடுச்சு போல.' 'பூசாரி ரிவ்யூ.' 'கேம்ல விபூதி குடுத்தாங்களா சார்?' 'படம் எங்கே? வீடியோ எங்கே?'

ஒரு மலைக்கோயிலில் நந்தி கழுத்தைத் திருப்பியதாக ஊரார் சொன்னதை ஒருமுறை எழுதினேன். ஒருவரும் படம் கேட்கவில்லை. அடுத்த வாரம் அங்கே தனிப் பேருந்து விட்டார்கள்.

என்னிடம் படம் இல்லை. என் பிரதி நேற்று மாலையே செத்துவிட்டது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். ஷிஃபானா விடுப்பு.

விளையாட்டு நிறுவனத்தின் சார்பில் மும்பையிலிருந்து பேசும் அம்மையாருக்குத் தரணிதரன் எழுதிக் கேட்டிருந்தார். பதில் வந்தது: 'விளையாட்டில் இருப்பவை குறித்தோ இல்லாதவை குறித்தோ நிறுவனம் கருத்துக் கூறுவதில்லை.' இதைவிடக் கச்சிதமான ஆகம விதியை நான் படித்ததில்லை.

வளர்மதிக்கு அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி சொல்லி விஷயம் தெரிந்திருக்கிறது. தட்டில் தோசையைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"இல்லாததையா எழுதுனீங்க?"

"இல்ல."

"அப்பறம் என்ன? சாப்புடுங்க."

ஜூன் 18, செவ்வாய்

ஷிஃபானா பிரியாணி கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு யோசனையும். "புதுக் காப்பி வாங்கியாச்சுல்லங் சார், நான் ஆடறேன். மத்தியானத்துக்குள்ள கோபுரத்துக்குப் போயிருவேன். திறந்தா ரெக்கார்ட் பண்ணிப் போட்டு வாய அடைச்சரலாம்."

எனக்கு அங்கே உட்கார்ந்து பார்க்க மனமில்லை. கீழே டீக்கடைக்குப் போய், வேண்டாத டீ ஒன்று குடித்து, கிரைண்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷோரூம்காரர் டேபிள் டாப் மாடல் ஒன்றை விளக்கினார். கவனமாகக் கேட்டேன். மேலே போனேன். பிரியாணிப் பாத்திரத்தை ஷிஃபானா மூடிக்கொண்டிருந்தார்.

"நடந்துதாங் சார் சுத்துனேன்," என்றார். "மெதுவா. மூணு சுத்து."

"தெறக்கலியா?"

"இல்லங் சார்."

அவருக்கு என்னைவிட அதிக வருத்தம் என்று தோன்றியது. அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டுகிறவர்கள் நான் பொய் சொன்னதாக நினைக்கிறார்கள். இந்தப் பெண் எனக்கு ஏதோ ஆகிவிட்டதாக நினைக்கிறது.

தரணிதரன் திரையைத் திருப்பிக் காட்டினார். திருத்தம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். 'எங்கள் விமர்சகர் திரு. தெய்வசிகாமணி விளையாட்டில் இல்லாத ஒரு காட்சியைத் தம் கட்டுரையில் எழுதிவிட்டதற்காக வருந்துகிறோம். அவர் இனி இத்தளத்தில் எழுதமாட்டார்.'

"நான் உங்கள நம்பறங்ணா," என்றார். "ஆனா நம்பறேன்னு போட முடியாதில்லீங்களா? பொய் எழுதற சைட்டுன்னு பேராயிட்டா ஒரு கம்பெனியும் நமக்குக் காப்பி அனுப்ப மாட்டான். கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

வாக்கியத்தில் பிழை இல்லை. 'தம்' என்று சரியாகப் போட்டிருந்தார். இரண்டு வாரத்தில் என்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"நானே திரும்பி ஆடறேன்," என்றேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் குடுங்க. தெறக்கலின்னா இதைப் போட்டுக்கலாம். நானே ப்ரூஃப் பாத்துத் தர்றேன்."

"வெள்ளிக்கெழமைக்குள்ள நீங்க நாயவே தாண்ட மாட்டீங்களேங்ணா."

ஜூன் 19, புதன்

நாயைத் தாண்டவில்லை.

ஜூன் 20, வியாழன்

ஷிஃபானா ஆடித் தருகிறேன் என்றார், மறுத்தேன். அவர் கையால் போனால் திறக்காது என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பது எனக்கும் தெரியவில்லை. என் கையில் என்ன விசேஷம்? தினமும் விழுகிற கை.

மத்தியானம் நாய் கொஞ்சம் அசந்த நேரத்தில் தாண்டிவிட்டேன். ஷிஃபானா கைதட்டினார். மாலை அந்தச் சரிவுக்கு வந்தபோது மழை வந்தது. நேரமில்லை. இருந்தாலும் நின்றேன். யாருமே என்னை நம்பாத இந்த வாரத்திலும் புல் முதலில் படுத்தது, அதன் பிறகுதான் காற்று வந்தது.

திறக்காவிட்டால் நான் பார்க்கவில்லை என்றாகிவிடுமா? இதை வளர்மதியிடம் கேட்கவில்லை. சாப்பிடுங்க என்பாள்.

ஜூன் 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பகல் மூன்று மணி சுமாருக்குக் கோபுரத்தடிக்கு வந்தேன். தரணிதரனும் ஷிஃபானாவும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். நான் பொத்தானை அழுத்தி மூட்டையைத் திறந்தேன். அந்த ஆளின் உடைமைகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

"என்னங் சார் பண்றீங்க?" என்றார் ஷிஃபானா.

"செருப்பைக் கழட்டறேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? செருப்போடவா சுத்துவாங்க?"

தரணிதரன் குனிந்து திரையைப் பார்த்தார். "அண்ணா, கத்தியையும் எதுக்குங்ணா கீழ போடறீங்க? பின்னாடி நரி வரும்ணா!"

"சன்னிதிக்குக் கத்தி கொண்டு போவாங்களா தரணி?"

"இது சன்னிதின்னு யாருங்ணா சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

ஷிஃபானாவின் குரல் மாறிவிட்டது. "சார். போன தடவையும் இப்படித்தான் பண்ணீங்களா?"

"ஆமா."

"கட்டுரைல எழுதவே இல்லையே!"

"இதையெல்லாம் எழுதுவாங்களாம்மா? நான் எழுதுன ஒரு கோயில் கட்டுரைலயும் 'செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போனேன்'னு எழுதுனதில்ல. எழுதியிருந்தா சிரிச்சிருப்பாங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முள்ளு சார் அது! செருப்பு இல்லாம நடந்தா அடிக்கு அடி உயிர் கொறையும். அதனாலதான் உலகத்துல ஒருத்தனும் கழட்டல!"

உயிர்க்கோடு குறைவதை முதல் தடவையும் கவனித்தேன்தான். மத்தியான வெயிலில் பிராகாரம் காலைச் சுடத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

சுற்றத் தொடங்கினேன். இரண்டாவது சுற்றில் ஷிஃபானா, "உயிர் போகுது, உயிர் போகுது," என்று முணுமுணுத்தார். தரணிதரன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் கோட்டில் ஒரு நூல் உயிர் மிச்சம் இருந்தது.

சுவர் விலகியிருந்தது.

உள்ளே போனேன். தண்ணீர். நட்சத்திரங்கள். காற்று நின்றது. மூச்சுச் சத்தம் கேட்டதும் ஷிஃபானா துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். அவருக்கே அது தெரிந்ததா என்று தெரியவில்லை. அந்தப் பெண் முகத்துணியை அவிழ்த்துக் குனிந்தாள். போன முறையைவிடக் களைப்பாகத் தெரிந்தாள். இரண்டு முறை வந்திருக்கிறாள் அல்லவா. தண்ணீரிலிருந்து எங்கள் மூவரையும் பார்த்தாள். மூவரில் யாரை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. தரணிதரன் மூக்கை உறிஞ்சினார். அப்போதுதான் கவனித்தேன், அவர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். விலை உயர்ந்த ஷூ, எந்நேரமும் போட்டிருப்பார். இரண்டும் மேசைக்கு அடியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

வெளியே வந்தேன். சுவர் மூடிக்கொண்டது.

"தர்காவுக்குப் போனா நானும் வாசல்லயே கழட்டிட்டுத்தானே சார் போறேன்," என்றார் ஷிஃபானா. "எனக்கு ஏன் தோணல?"

"எனக்கும் தோணலம்மா. தோணியிருந்தா கட்டுரைல எழுதியிருப்பேன்."

தரணிதரன் திடீரென்று நிமிர்ந்தார். "ரெக்கார்ட் போட்டியா?"

"நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார் ஷிஃபானா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

ஜூன் 22, சனி

ஷிஃபானா நாளைக்குள் மறுபடி ஆடிப் படம் எடுத்துவிடலாம் என்றார். 'உலகிலேயே முதன்முறையாக' என்று தலைப்பிட்டுப் போடலாம். தரணிதரன் வெகுநேரம் நகம் கடித்தார்.

"படமெல்லாம் வேண்டாம்," என்றார் கடைசியில். "படத்துல பாத்துட்டா அப்பறம் எவன் முள்ளுல நடப்பான்? திருத்தமே போடலாங்ணா. நீங்க எழுதுங்க."

எழுதினேன். ஒரே பத்தி. அவர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

'திருத்தம்: ஜூன் 14 அன்று வெளியான "சாம்பல் வழி" விமர்சனத்தில் ஒரு விவரம் விடுபட்டுவிட்டது. கோபுரத்தை வலம் வருவதற்கு முன் காலணியைக் கழற்றிவிடவும். கத்தியை வெளியே வைத்துவிடவும். விடுபட்டதற்கு வருந்துகிறோம். தெய்வசிகாமணி.'

காலை பதினொரு மணிக்கு வெளியிட்டோம். டொராண்டோ மாணவர் உடனே அதை ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். நம் கருத்துப் பகுதியில் சிரிப்புகள் வரத் தொடங்கின. 'செருப்பு ஸ்டாண்டுல டோக்கன் வாங்கணுமா?' 'பெருசு விடாது போல.' 'சரி, இதையும் பாத்துருவோம்.' நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக.

பிறகு நின்றுவிட்டது.

தரணிதரன் பக்கத்தைப் புதுப்பித்தார். ஒன்றும் இல்லை. மறுபடி புதுப்பித்தார். ஒரு வாரமாக ஓயாமல் கத்திக்கொண்டிருந்த இடம்.

"சைட் படுத்துருச்சா?" என்றார்.

ஷிஃபானா எட்டிப் பார்த்தார். எத்தனை பேர் இந்த நேரத்தில் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் எண் மூலையில் ஏறிக்கொண்டே இருந்தது.

"இல்ல," என்றார் தாழ்ந்த குரலில். "எல்லாரும் கோபுரத்துக்குள்ள இருக்காங்க."

தரணிதரன் எழுந்து போய், சத்தம் போட்டுக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.